எதையும் வெட்ட வேண்டாம்

ஊரைவிட்டு வந்து வாழும் குடும்பம் ஒவ்வொன்றிலும், ஊரிலிருந்து சுமந்து வந்த பொருள் ஒன்று இருந்தே தீரும். சிலர் இல்லத்தில் அது ஓர் ஆட்டுக்கல். சிலர் இல்லத்தில் பாட்டியின் வெண்கலப் பானை. வேறு சிலர் இல்லத்தில் கண்ணாடி போட்ட தஞ்சாவூர்ப் படம். எங்கள் இல்லத்திலோ அது ஒரு மோட்டார் வண்டி. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் உருவாகி, ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர் சாலைவழி வந்து, நருமதைக் கரையில் உள்ள ஜபல்பூரில் எங்களோடு குடியேறிய ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’. அவ்வண்டியின் எஞ்சினை நாங்கள் ஒரு முறை மாற்றினோம். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் மாற்றினோம். இரண்டும் எங்கள் வீட்டு முற்றத்திலேயே நிகழ்ந்தன. நாங்கள் என்று இங்கே குறிப்பது அண்ணன் தம்பி இருவரை. எழுதும் கை மட்டும் மூத்தவனுடையது.

முதலில் வண்டியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். 1959-இல் இங்கிலாந்தில் ‘டிரயம்ப் ஹெரால்டு’ என்ற பெயரில் வெளிவந்த வண்டி இது. மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர் இதன் உருவத்தை வரைந்தார். 1961 முதல் இது நம் சென்னையிலேயே ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் உருவாகலாயிற்று. பின்னாளில் நம் நாட்டுக் குடும்பங்களுக்கென்றே நான்கு கதவுகள் வைத்தும் செய்தார்கள். 1971-இல் அதன் உற்பத்தி நின்றது. பெரும்பாலான வண்டிகளில் இல்லாத ஒரு சிறப்பு இதற்கு உண்டு. முன்பக்கத் தகடு முழுவதும், சக்கரக் காப்புகளும் விளக்குகளும் சேர்ந்தபடியே, பெட்டியின் மூடி போல முன்னோக்கித் திறந்து கவிழும். எஞ்சின் முழுவதும் கண்ணெதிரே நிற்கும். முன் சக்கரத்தின்மேல் அமர்ந்துகொண்டே வேலை செய்யலாம். வீட்டில் எஞ்சினைக் கழற்ற நினைப்பவனுக்கு இதைவிட இணக்கமான வண்டி வாய்ப்பது அரிது.

எங்கள் தந்தையார் 1970-இல், அதற்கு முந்திய ஆண்டுதான் இங்கே தொடங்கப்பட்டிருந்த வாகனத் தொழிற்சாலையில் பணியேற்றார். 1982-இல் விடுப்பில் ஊருக்குச் சென்றவர், 1969-ஆம் ஆண்டு ஹெரால்டு ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினார். அம்மாவையும் எங்களையும் ரயிலேற்றிவிட்டு, நண்பர் ஒருவருடன் நான்கு நாள் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். தமிழ்நாட்டு எண் பலகையோடு அவ்வண்டி தெருமுனையில் திரும்பியபோது, குடியிருப்பில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் வெளியே வந்து நின்றனவாம். அம்மா இன்றும் சொல்வதுண்டு.

2009-ஆம் ஆண்டு. குவாரிகாட்டில் நருமதையை வணங்கிவிட்டுத் திரும்பும் வழியில், கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் எஞ்சினின் அடியிலிருந்து உறுமல் போன்ற ஒரு சத்தம் எழுந்தது. அப்பா உடனே சாலையோரம் ஒதுங்கி எஞ்சினை அணைத்துவிட்டார். மீதி வழியெல்லாம் கயிறு கட்டி இழுத்துவந்தோம். நகரத்து மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். எதையும் திறக்கவில்லை, ஒரே நிமிடம் ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். எஞ்சின் முடிந்துவிட்டது, இதற்கு உதிரிப் பாகமும் கிடைக்காது என்று தீர்ப்புக் கூறிவிட்டுச் சென்றார்.

அப்பா மட்டும் ஒப்பவில்லை. “எஞ்சின் சாகலடா. உள்ள ஏதோ கழண்டிருக்கு. தெறந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்றார்.

நாங்கள் செவிசாய்க்கவில்லை. அதற்குக் காரணம் மெக்கானிக்கின் தீர்ப்பு மட்டுமன்று. எங்களுக்குள்ளே வேறோர் ஆசை இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க இளைஞர்கள் பழைய போர்டு வண்டிகளை வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே வேறு எஞ்சின் பொருத்திச் சீறவிட்ட கதை உலகறிந்தது. ‘ஹாட் ராட்’ என்று அதற்குப் பெயர். 1932-இல் போர்டு நிறுவனம் எட்டு சிலிண்டர் எஞ்சினை எளியவர் வாங்கும் விலையில் வெளியிட்டதால், அவ்வாண்டு வண்டிக்கு அவர்களிடையே தனி மதிப்பு உண்டு. அந்தப் படங்களைத் தம்பி சேர்த்துவைத்திருந்தான். நம் வீட்டிலும் ஒன்று செய்தால் என்ன என்று கேட்டான். மூத்தவன் தடுத்திருக்க வேண்டும். மாறாக ஸ்பானர் பெட்டியைத் தூக்கிவந்தான்.

அரசு ஏலத்தில் வந்த மாருதி ஜிப்சி ஒன்றின் எஞ்சினும் கியர்பாக்ஸும் மலிவாகக் கிடைத்தன. 1985-இல் வெளிவந்த முதல் ஜிப்சியின் 970 சி.சி. எஞ்சின் அது. ஹெரால்டின் எஞ்சினோ 948 சி.சி. ஆக, எங்கள் ‘ஹாட் ராட்’ கனவின் முழு அளவு இருபத்திரண்டு சி.சி. மட்டுமே! அன்று அது எங்களுக்குச் சிரிப்பாகத் தோன்றவில்லை.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, காபிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, “செய்றதுன்னா செய்ங்க. ஆனா எதையும் வெட்ட வேண்டாம்” என்றார். அவர் விதித்த நிபந்தனை அது ஒன்றே. காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தொழிற்சாலையில் முப்பத்தாறு ஆண்டு உழைத்தவரின் பிடிவாதம் என்று எண்ணிக்கொண்டோம்.

ஆனாலும் அந்த ஒரு சொல்லைக் காத்தோம். பக்கத்து வீட்டில் இருந்தவர், அப்பாவுடன் பணியாற்றி ஓய்வு பெற்ற பிட்டர். நாங்கள் ‘சாச்சாஜி’ என்று அழைக்கும் அப்பெரியவர், இரும்புக் குழாய் மூன்றை முக்காலியாக நிறுத்தி, அதன் உச்சியில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டார். இவ்வூரில் அதற்குச் ‘செயின் குப்பி’ என்று பெயர். ஹெரால்டில் கியர்பாக்ஸ் மேலிருக்கும் மூடி, வண்டிக்குள்ளிருந்தே கழற்றும்படி தனியாக அமைந்தது. அதனை எடுத்துவைத்துவிட்டு, ஜிப்சியின் கியர் தண்டுக்கு ஏற்பத் தகரத்தில் வேறொன்று செய்தோம். எஞ்சினைத் தாங்கும் இடங்களில், பழைய போல்ட் துளைகளிலேயே பொருந்தும்படி புதிய தாங்கிகள் அடித்தோம். பழைய புரொப்பல்லர் ஷாப்டைக் குறைக்காமல், புதிதாக ஒன்று செய்வித்தோம். ஜிப்சியின் கிளட்ச் கம்பியால் இழுபடுவது. ஹெரால்டின் கிளட்சோ எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. இரண்டையும் இணைக்கச் சாச்சாஜி ஒரு சிறு நெம்புகோல் செய்து கொடுத்தார். மின்சாரத்திலும் ஒரு முரண்பாடு இருந்தது. எங்கள் பழைய வண்டியில் பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு சேர்ந்திருந்தது. ஜிப்சிக்கு எதிர்முனை சேர வேண்டும். அதையும் மாற்றினோம்.

ஐந்து வாரத்தில் வண்டி ஓடியது. நன்றாகவே ஓடியது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கழற்றிய எஞ்சினும் கியர்பாக்ஸும் கொட்டகையின் மூலையில், மரப்பலகையின்மேல், தார்ப்பாய்க்கு அடியில் சென்று அமர்ந்தன. அப்பா புதிய எஞ்சினுடன் ஒரே ஒரு முறை முன்னிருக்கையில் அமர்ந்து வந்தார். “நல்லா இழுக்குது” என்றார். அதன்பின் அவர் சாவியைக் கேட்கவே இல்லை.

இனி எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் அரசுப் பணியாளர். கோப்புகளே எங்கள் பிழைப்பு. பிறர் விண்ணப்பத்தில் ஓர் எண் பிசகினால் குறிப்பெழுதித் திருப்பி அனுப்புகிறவர்கள். அப்படிப்பட்ட நாங்கள், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியில் செய்யும் மாற்றத்தை அப்பிரிவு கட்டுப்படுத்துகிறது. பதிவுப் புத்தகத்தில் ஓர் எஞ்சின் எண். வண்டியில் வேறோர் எண். 2011-இல் பதிவைப் புதுப்பிக்கும் நாள் வந்தபோது, அதிகாரியின் முன் அவ்வண்டியைக் கொண்டு நிறுத்த எங்களுக்கு முகமில்லை. நிறுத்தாத வண்டியைச் சாலையில் ஓட்டவும் துணிவில்லை. ஆக, இரண்டே ஆண்டில் ஹெரால்டும் கொட்டகைக்குள் சென்றது. ஒரு மூலையில் எஞ்சின், மறு மூலையில் வண்டி. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றலாகாது என்று தெளிவாகவே கூறிவிட்டது. எஞ்சியிருந்த சிறு நம்பிக்கையும் அன்றோடு போயிற்று.

அப்பா இதைப் பற்றி ஒரு நாளும் எங்களைக் கடிந்துகொண்டதில்லை. 2020-இல் அவர் காலமானார்.

அடுத்த ஆண்டு ஜூலையில், மைய அரசு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வெளியிட்டது. முதற் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று தனியே பதியலாம். எண் பலகையில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுக்குச் செல்லும். அன்றாடம் ஓட்ட இயலாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கும், எரிபொருள் நிரப்பவும், பழுது பார்க்கவும் மட்டும் சாலைக்கு வரலாம். எங்களுக்கு அது போதும். ஆனால் ஒரு நிபந்தனை. வண்டி அதன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் நிகழ்ந்திருக்கலாகாது.

இம்முறை விதியை இருவரும் மும்முறை படித்தோம். படித்து முடித்ததும் தம்பி மெல்லச் சொன்னான்: “அண்ணா, அதுக்குத்தான் அப்பா வெட்ட வேண்டாம்னு சொன்னாரு போல.”

அப்பாவுக்கு 2021-ஆம் ஆண்டு விதி 2009-இல் தெரிந்திருக்க வழியில்லை. அவர் அறிந்தது ஒன்றே: கழற்றியதைத் திரும்பப் பொருத்தலாம்; வெட்டியதைப் பொருத்த இயலாது.

எனினும் பதின்மூன்று ஆண்டு மூலையில் கிடந்த எஞ்சின் துருப்பிடித்து இறுகியிருக்கும் என்ற அச்சத்தோடுதான், 2022 நவம்பரில் தார்ப்பாயை விலக்கினோம். ஸ்பார்க் பிளக்குகள் சிறிதும் முரண்டாமல் கழன்றன. முன்புறத் தண்டின் நட்டில் பெரிய ஸ்பானரை மாட்டித் திருப்பினோம். நெய்யில் திருப்பியதுபோல் சுழன்றது! எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் நின்றிருந்த அம்மாதான் சொன்னார்கள்: “மாசா மாசம் எண்ணெய்க் குப்பியத் தூக்கிட்டு உள்ள போவாரு. கேட்டா, அரைச் சுத்து சுத்தி வைக்கிறேன்னுவாரு. ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு.”

பிளக் துளைகளின் வழியே எண்ணெய் விட்டு, பிஸ்டன்கள் ஒரே இடத்தில் நின்று ஒட்டிக்கொள்ளாதபடி, மாதந்தோறும் திருப்பி வைத்திருக்கிறார். பத்து ஆண்டுக்கும் மேலாக, சுவருக்கு இப்பால் நாங்கள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பால் அவர் அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறார். நாங்கள் இருவரும் அன்று அதற்குமேல் வேலை செய்யவில்லை.

மறு ஞாயிறு எஞ்சினைப் பக்கவாட்டில் சாய்த்து, அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றினோம். கறுத்த வண்டலுக்குள் விரல்விட்டுத் துழாவிய சாச்சாஜி, பிறைநிலா வடிவில் ஒரு மெல்லிய தகட்டை எடுத்துத் துடைத்துக் காட்டினார். கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராதபடி, பின்புறப் பெரிய பேரிங்கின் இருபுறமும் இரண்டு பிறைத் தகடுகள் செருகப்பட்டிருக்கும். கிளட்சை மிதிக்கும்தோறும் தண்டு முன்னோக்கித் தள்ளப்படுவதால், அவற்றுள் பின்புறத் தகடு தேயும். தேய்ந்து மெலிந்தால் நழுவிக் கீழே விழும். இவ்வகை எஞ்சின்களின் பெயர்பெற்ற குறை அதுதான். அன்று கிளட்சை மிதித்தபோது எழுந்த உறுமலின் பொருள் அதுவே. அப்பா சாலையிலேயே அணைத்துவிட்டதால், தண்டின் முகத்தில் இலேசான கீறல்களோடு தப்பியிருந்தது.

இதில் எங்களை மிகவும் வருத்திய செய்தி வேறு. அத்தகட்டை மாற்ற எஞ்சினைக் கழற்றவே தேவையில்லை. வண்டியில் இருக்கும்போதே சம்ப்பை இறக்கி, ஒரு மூடியைக் கழற்றி, தகட்டைத் தண்டைச் சுற்றி நழுவவிட்டுச் செருகிவிடலாம். ஒரு நாள் வேலை. “தெறந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்றாரே, அந்த ஒரு நாள்.

புதிய தகடுகள் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், பழைய சரக்கு வைத்திருக்கும் கடையொன்றில் கிடைத்தன. ஊரிலிருக்கும் மாமன் மகன் வாங்கி அஞ்சலில் அனுப்பினான். ஒரு குடும்பம் திரையரங்குக்குப் போய்வரும் செலவுகூட ஆகவில்லை. எண்ணெய் ஓடும் வரிப்பள்ளங்கள் தண்டின் முகத்தை நோக்கி அமையுமாறு செருகி, இடைவெளியை அளந்தோம்: ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறு பங்கு. நான்கு முதல் எட்டுக்குள் இருந்தால் போதும்.

எஞ்சினை மீண்டும் பொருத்தும் வேலை 2023 ஜனவரி விடுமுறை நாள்களில் நடந்தது. அப்போதுதான் நாங்கள் எதிர்பாராத துணை ஒன்று கிடைத்தது. 2009-இல் கழற்றிய போல்ட்டுகளை நாங்கள் ஒரு வாளியில் போட்டதோடு மறந்துவிட்டோம். அப்பா அவற்றையெல்லாம் தரம் பிரித்து, பழைய ஹார்லிக்ஸ் குப்பிகளில் இட்டு, ஒவ்வொன்றிலும் தமிழில் சீட்டெழுதி ஒட்டியிருந்தார். வண்டிக்கு அடியில் கிடந்த எங்களால் அவற்றைப் படிக்க இயலாது. எண்பது வயதில் நாற்காலியிலிருந்து ஆணையிட்டுக்கொண்டிருந்த சாச்சாஜிக்கோ தமிழ் எழுத்துத் தெரியாது. மூத்தவனுடைய மகன், பதினான்கு வயது, குப்பிகளின் முன் சம்மணமிட்டு அமர்ந்தான். பள்ளியில் அவன் படிப்பது இந்தியும் ஆங்கிலமும். ஞாயிறுதோறும் சங்கத்து வகுப்புக்கு அவனை அனுப்புவது எங்கள் வீட்டில் வாராவாரம் நடக்கும் சிறு போர். “இத வச்சு நான் என்னப்பா பண்ணப் போறேன்?” என்பது அவனது நிலையான கேள்வி.

அன்று அவன் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தான். “கி... யர்... பாக்ஸ்... மேல்... போல்ட்டு... இரண்டு.” கையை நீட்டினோம், கொடுத்தான். “டைனமோ... கீழ்த்... தாங்கி.” கொடுத்தான். “இது என்னப்பா, ‘சம்... பு’? ஓ, சம்ப்பா!” என்று சிரித்தான். ‘ழ’ வந்த இடத்தில் மட்டும் இடறினான். மாலைக்குள் தடையின்றிப் படிக்கலானான். அவன் கேள்விக்கு அன்று யாரும் விடை சொல்லவில்லை. அவனும் திரும்பக் கேட்கவில்லை.

பழைய தாங்கிகள், பழைய துளைகள், பழைய ஷாப்டு, பழைய மூடி எல்லாம் இடம் மாறாமல் பொருந்தின. வெட்டப்பட்டது ஒன்றுமில்லை. தம்பி பழக்கத்தால் பாட்டரியின் எதிர்முனையை உடலோடு இணைக்கப்போக, சாச்சாஜி தம் கைத்தடியால் அவன் தோளில் தட்டி நிறுத்தினார். நேர்முனை உடலோடு சேர்ந்தது. மூன்றாம் முயற்சியில் எஞ்சின் பற்றிக்கொண்டது. எண்ணெய் விளக்கு அணைந்தது. கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்பக்கக் கப்பியையே உற்றுநோக்கினோம். அது அசையவில்லை. உறுமலும் இல்லை. பழைய ஹெரால்டின் தையல் எந்திரம் போன்ற ஓசை மட்டும் கேட்டது. அம்மா உள்ளே போய்த் திருநீறு எடுத்துவந்து வண்டியின் நெற்றியில் பூசினார்கள், எங்களைப் பார்க்கவில்லை.

ஜிப்சியின் எஞ்சினை, அது இல்லாமல் வெற்றுடலோடு நின்ற ஜிப்சி ஒன்றை வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுத்துவிட்டோம். அதுவும் தன் இனத்து உடலுக்கே திரும்பிற்று.

முதியோர் ஒரு வேலையைச் செய்யாதே என்று சொல்லும்போது, நாம் அதில் அச்சத்தையே காண்கிறோம். காலம் மாறும், பிள்ளைகள் மாற்றுவார்கள், அதைத் தடுக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். திரும்பும் வழியை மட்டும் அடைத்துவிடாதே என்பதே பல வேளைகளில் அவர்கள் சொல்ல வருவது. அதைச் சொல்லிவிட்டு, எண்ணெய்க் குப்பியோடு தனியே கொட்டகைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களிடம் சென்று என்ன செய்கிறீர்கள் என்று ஒரு முறையேனும் கேட்டிருக்கலாம் என்பது, காலம் கடந்த பின்னரே நமக்குத் தோன்றுகிறது.

பதிவுக்கான விண்ணப்பத்தை மூத்தவனே எழுதினான். அனுப்பும் முன், எங்கள் அலுவலக வழக்கப்படி இருவர் சரிபார்க்க வேண்டும் என்று முடிவு செய்தோம். தம்பி கைவிளக்கைப் பிடித்து எஞ்சினில் பொறித்திருந்த எண்ணைப் படித்தான். மூத்தவன் பதிவுப் புத்தகத்தில் விரல்வைத்துப் பார்த்தான். ஒவ்வோர் இலக்கமும் ஒத்திருந்தது. விண்ணப்பத்தில் அந்த எண்ணை எழுதி, அடியில் இருவரும் கையொப்பமிட்டோம்.